வெள்ளைப் பியானோவுக்குள் என்ன இருக்கிறது?

சென்ற ஆண்டு தை மாதம் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். இடம், போர்ட் பிளேர். (2024 முதல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது, பெரியோர் மன்னிக்கவும்.) மேடையில் மணமக்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் பால் வெள்ளையில் ஒரு பெரிய பியானோ. கால்களில் பொன் நிறக் கொடி, மேல் மூடியில் ரோஜாக் கொத்து, உள்ளிருந்து நீல வெளிச்சம். பார்த்தவர்கள் எல்லாம் அசந்துதான் போனார்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு எட்டு வயது. ஷாதிபூரில் எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சரிடம் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் மேடையேறிப் போய் ஒரு கட்டையை அழுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, இது அமுங்கவே மாட்டேங்குது."

கட்டைகள் எல்லாம் ஒரே பலகை; கறுப்பும் வெள்ளையும் பெயின்ட். மூடியைத் தூக்கினால் தெர்மாகோலும் விளக்கு ஒயரும். அலங்காரப் பையன் ஓடி வந்து, இது போட்டோவுக்கு மட்டும்தான் என்று இந்தியில் சொன்னான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் தொழில் அது. ஆனால் வீடு திரும்பும் வழியில் பேத்தி கேட்டாள்: "அப்போ அதை எதுக்குப் பியானோன்னு சொல்றாங்க?"

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. சில மாதங்களில் நம் சங்கத்தின் பொதுக்குழுவில் அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. இசை வகுப்புக்கு ஒதுக்கிய தொகையில், பியானோ வடிவத்தில் செய்த பெரிய வெள்ளைக் கூடும், அதற்குள் பொருத்திய ஒரு மின்னணுக் கீபோர்டும் வாங்கலாம் என்று ஒரு யோசனை. எனக்குப் பேசக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதற்குள் சொல்லி முடிக்க முடியாததை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். அதுதான் இந்தக் கட்டுரை.

பின்பக்கத்தைக் காட்டு

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கீத வித்துவான் அல்ல. ஓய்வு பெற்ற குமாஸ்தா. என் அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த தச்சர். 1883ல் தொடங்கிய சாத்தம் மர ஆலையில் வேலை பார்த்தவர். எந்த மேசை நாற்காலியைக் கொண்டு வந்து காட்டினாலும் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுப்பா" என்பார். பின்னால் இழைப்பு எப்படி, மூட்டு எப்படி, பலகை ஏன் அந்த இடத்தில் வளைந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஒரு வார்த்தை சொல்வார். எனக்குத் தெரிந்த விமர்சன முறை அது ஒன்றுதான். உலகத்தின் விசித்திரமான பியானோக்களை அந்த முறையில் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம்.

பியானோவை 1700ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் உருவாக்கியவர் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி. கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி. பெரிய பியானோ ஏன் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் வளைந்து குறுகுகிறது? அழகுக்காக அல்ல. மந்திர ஸ்வரத்துக்கு நீளத் தந்தி வேண்டும், தார ஸ்தாயிக்குக் குட்டைத் தந்தி போதும். வரிசையாகத் தந்திகளை நிறுத்தினால் பறவைச் சிறகு மாதிரி ஒரு கோடு தானாக விழுகிறது. ஜெர்மன்காரர்கள் அந்த வாத்தியத்துக்குச் சிறகு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, கலியாண மேடையில் நாம் வியந்த அந்த வளைவு தந்தி போட்ட கோடு. தந்தியே இல்லாத பெட்டிக்கு அந்த வளைவு எதற்கு? என் முதல் கேள்வி இது.

தேவை பெற்ற விசித்திரம்

விசித்திர வடிவம் எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா போன்ற நகரங்களில் 'ஒட்டகச்சிவிங்கிப் பியானோ' என்று ஒன்று செய்தார்கள். நீளப் பியானோவை வாலைத் தூக்கி நட்டமாக நிறுத்தியது போல இருக்கும். ஒரு பக்கம் உயர்ந்து, மேலே கழுத்து வளைந்து நிற்கும். பார்க்க வேடிக்கைதான். பின்பக்கத்தைத் திருப்பினால் காரணம் தெரிகிறது: அறையில் தரை இடம் மிச்சம், தந்தியின் நீளமோ குறையவில்லை. நம் குவார்ட்டர்ஸ் அறைகளில் கட்டிலுக்குக் கீழே டிரங்குப் பெட்டி வைக்கிறோமே, அதே புத்தி. அவற்றில் சிலவற்றில் மணியும் முரசும் ஒலிக்கத் தனி மிதிகள்கூட உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பாவில் துருக்கிப் படை வாத்திய மோகம் அப்படி. அதுவும் காதுக்காகச் செய்ததுதான்.

பிறகு இரும்பு வந்தது. 1825ல் பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம் செய்து காப்புரிமை பெற்றார். இன்றைய பெரிய பியானோ ஒன்றில் 88 கட்டைகள், இருநூறுக்கு மேல் தந்திகள். எல்லாத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 20 டன். அந்தப் பாரத்தின் பெரும்பங்கை இரும்பு வாங்கிக்கொண்டது. அதற்கு முன் மரக்கூடுதான் அதைத் தாங்கியாக வேண்டியிருந்தது. ஆகவே அதன் உருவத்தில் விளையாட இடம் குறைவு. பாரம் இறங்கிய பின் வெளிப்பலகை ஏறக்குறைய ஒரு சட்டை மாதிரி ஆகிவிட்டது. சட்டையை யாரும் எப்படியும் தைக்கலாம் அல்லவா? விலை உயர்ந்த அலங்காரப் பியானோக்களின் பொற்காலம் அதற்குப் பின் வந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

சட்டைகளில் சிறந்தது

அந்தச் சட்டைகளில் மிகச் சிறந்ததையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் ஹென்றி மார்குவாண்ட் என்ற செல்வந்தர் தன் மாளிகையின் இசை அறைக்காக ஓவியர் லாரன்ஸ் அல்மா-டடேமாவிடம் ஒரு பியானோவுக்கு வடிவம் கேட்டார். ஸ்டெயின்வே கம்பெனியின் கருவியைச் சுற்றி லண்டனில் கூடு செய்து 1887ல் முடித்தார்கள். தந்தமும் முத்துச்சிப்பியும் பல மரங்களும் இழைத்த வேலை. கட்டைகளுக்கு மேல் உள்ள பலகையில் எட்வர்ட் பாய்ன்டர் வரைந்த ஓவியம். 1997ல் லண்டன் ஏலத்தில் சுமார் 12 லட்சம் டாலருக்குப் போனது. இப்போது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளார்க் கலைக்கூடத்தில் இருக்கிறது.

படங்களில்தான் பார்த்திருக்கிறேன். தச்சு வேலை தெரிந்தவன் மகன் என்ற முறையில் கைகூப்பத்தான் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது: அந்தக் கூடு முழுவதையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் கறுப்புப் பலகையைப் போட்டால் பாட்டுக்கு என்ன பெரிய நஷ்டம்? அதிகம் இருக்காது. அந்தப் பியானோவில் என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. மூடியின் உட்புறத்தில் தோல்தாள் பதித்து, வாசித்த கலைஞர்கள் கையெழுத்திட இடம் விட்டிருக்கிறார்கள். இத்தனை தந்தத்துக்கு நடுவிலும், இது விரல்களுக்காகச் செய்தது என்ற நினைவு அந்த மூடிக்கு இருந்திருக்கிறது. அந்த ஓரிடத்துக்காக நான் அதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

1938ல் வெள்ளை மாளிகைக்குக் கொடுத்த பியானோவுக்குப் பொன் முலாம் பூசிய கழுகுகளே கால்கள். பிற்காலத்தில் கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரியும் பிளாஸ்டிக் பியானோக்களும் வந்தன. கழுகுக் கால் அரசின் கம்பீரத்தைச் சொல்கிறது, சரி. தெளிந்த பிளாஸ்டிக்காவது சுத்தியல் எப்படி எழுகிறது என்று குழந்தைக்குக் காட்டும். கலியாண மேடைப் பியானோ காட்டுவது தெர்மாகோலைத்தான்.

புலி வயிற்றுக்குள் கட்டைகள்

"எல்லாம் வெள்ளைக்காரன் கதையா இருக்கே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம். கட்டை வாத்தியத்தில் செய்த விசித்திர வடிவங்களில் உலகப் புகழ் பெற்ற ஒன்று நம் தென்னாட்டிலேயே பிறந்தது. 1790களில் மைசூரில் திப்பு சுல்தானுக்காகச் செய்த மரப்புலி அது. கீழே விழுந்து கிடக்கும் ஐரோப்பியன் மேல் புலி பாய்ந்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் அவன் கை எழுந்து விழும். அவன் ஓலமும் புலியின் உறுமலும் கேட்கும். புலியின் விலாவில் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே 18 ஸ்வரங்கள் கொண்ட சிறு குழல் ஆர்கன். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் லண்டனுக்குப் போய், இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பியானோ அல்ல, ஆர்கன்தான், ஒப்புக்கொள்கிறேன். கச்சேரிக்கு உகந்ததும் அல்ல. ஆனால் விமர்சனக் கண்ணோடு பார்த்தால் அல்மா-டடேமா பியானோவில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. உருவமும் ஒலியும் இங்கே ஒரே பேச்சைப் பேசுகின்றன. புலியை எடுத்துவிட்டால் உறுமலுக்குப் பொருள் இல்லை. உறுமலை எடுத்துவிட்டால் புலி வெறும் பொம்மை. ஓர் அரசனின் கோபத்தைக் காதால் கேட்க வைத்த வடிவமைப்பு அது. கோபம் பிடிக்காதவர்கள் இருக்கலாம். வேலையைக் குறை சொல்ல முடியாது.

யாழும் யாளியும்

நம் முன்னோர் வாத்தியத்தை அலங்கரிக்கவில்லையா? அலங்கரித்தார்கள், தாராளமாக. பொருநராற்றுப்படை யாழின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி உவமையால் வருணித்துவிட்டு, ஒப்பனை செய்த மணப்பெண்ணோடு அதை ஒப்பிடுகிறது. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று வகைகள். மகரயாழ் என்ற பெயரிலேயே ஓர் உருவம் இருக்கிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று சிலப்பதிகார உரை வழியாக அறிகிறோம். மறைந்துபோன அந்தக் கருவியைக் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்தவர் ஈழத்து விபுலாநந்த அடிகள். அவருடைய 'யாழ் நூல்' 1947ல் வெளிவந்தது. அவர் ஆராய்ச்சியின் பெரும்பகுதி நரம்பையும் சுருதியையும் பண்ணையும் பற்றியது. உருவத்தை மட்டும் மீட்டால் யாழ் மீண்டுவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். பலாமரத்தில் குடம், மெழுகில் பதித்த 24 மெட்டு, நான்கு வாசிப்புத் தந்தி, மூன்று தாளத் தந்தி. தலைமாட்டில் யாளி முகம். அந்த யாளி ஒரு ஸ்வரமும் பாடுவதில்லை. அப்படியானால் அதுவும் வீண் அலங்காரம்தானே என்று என்னை மடக்கலாம். நானும் யோசித்தேன். எனக்குத் தோன்றிய விடை இது: யாளி வாசிக்கும் விரலுக்கு எட்டாத கோடியில், வழிவிட்டு வளைந்து நிற்கிறது. பணக்காரர் வீணைக்கு மட்டும் என்று இல்லாமல் கற்கும் பிள்ளையின் வீணைக்கும் அது உண்டு. செலவைக் காட்டுவதற்காக வைத்தது இல்லை, மரபின் கையெழுத்து. 2013ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது யாளிக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஒரே மரத்தைக் குடைந்து ஒலியைக் கொண்டுவரும் கைக்கும் சேர்த்தே கிடைத்தது.

தரையில் உட்கார்ந்த பியானோ

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கட்டை வாத்தியத்தில் இந்தியர் செய்த மிகச் சிறந்த வடிவமைப்பு எது என்று கேட்டால், நம் வீட்டு ஆர்மோனியம் என்பேன். சிரிக்காதீர்கள். 1840களில் பிரான்சில் அலெக்சாந்தர் டெபெய்ன் செய்த ஆர்மோனியம் நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதிக்கும் மரச்சாமான். 1870களில் கொல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதன் காலை வெட்டி, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, இடது கையால் இயக்கும் சிறு பெட்டியாக்கினார். ஏன்? நாம் தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவர்கள். பாடகனே வாசிக்க வேண்டும். பெட்டியைக் கக்கத்தில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் போக வேண்டும். ஒரு பூ வேலைகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் உட்கார்கிறவனைப் பார்த்துச் செய்தது. நம் நாடக மேடை அதை நம்பி நின்றது. இந்தத் தீவுகளுக்கும் அது கப்பலில் வந்து சேர்ந்தது.

அதற்குக் குறையும் உண்டு. கட்டை நிலையான ஸ்வரம், கமகம் அசையாது. இந்தக் காரணத்தை முன்வைத்து அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கியே வைத்திருந்தது. இதே குறை பியானோவுக்கும் உண்டு. 2009ல் இங்கிலாந்தின் ஜெஃப் ஸ்மித் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நகர்த்திச் சுருதி மாற்றும்படி ஒரு பியானோ செய்து காட்டினார். அது விசித்திரம், ஆனால் காதுக்காகச் செய்த விசித்திரம். நம் சென்னையில் அனில் சீனிவாசன் வேறு வழி பிடித்தார். கருவியை மாற்றாமல், சிக்கில் குருசரணின் குரல் கமகத்தைச் சுமக்க, பியானோ அதற்கு விரிப்பு விரித்தாற்போல் வாசித்தார். ஆக, குறையைத் தீர்க்க வழிகள் இருக்கின்றன. வெள்ளைக் கூடு அந்த வழிகளில் ஒன்று இல்லை.

சங்கத்துக்கு ஒரு வார்த்தை

பொதுக்குழுவில் ஒரு சகோதரி எழுந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அண்ணே, நம்ம பிள்ளைங்க இங்க நாலு பாஷைக்காரங்க நடுவுல வளருது. மேடையில ஒரு பியானோ முன்னாடி உட்கார்ந்தா அதுங்களுக்கு ஒரு மதிப்பு வரும். ஆர்மோனியத்தைப் பார்த்தா பஜனைப் பெட்டின்னு சிரிக்குதுங்க."

இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். கடல் தாண்டி வந்து வாழ்கிறவர்களுக்கு மதிப்பு என்பது சாப்பாட்டுக்கு அடுத்தபடி. நானும் பள்ளியில் என் பெயரைச் சொல்லக் கூசியவன்தான். ஆனால் அந்தச் சகோதரியை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை ஊன்றி வாசித்து, கேட்பவர் தலையசைத்தால் வரும் மதிப்பும், கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போட்டோ எடுத்தால் வரும் மதிப்பும் ஒன்றாகுமா தங்கச்சி? போட்டோ முடிந்ததும் பிள்ளைக்கே தெரிந்துவிடும், எதற்குக் கைதட்டினார்கள் என்று.

நடைமுறைக்கும் வருகிறேன். நம் ஊரில் ஆண்டில் பாதிக்கு மேல் மழை, மீதி நாள் உப்புக் காற்று. பலகைக் கூடு உப்பிப் பிளக்கும். அதைப் பராமரிக்கவே தனிச் செலவு. என் தாழ்மையான யோசனை: கீபோர்டை மட்டும் வாங்குவோம், கூடு வேண்டாம். மிச்சப்படும் தொகையில் சங்கத்தில் மூலையில் கிடக்கும் இரண்டு ஆர்மோனியங்களையும் பழுது பார்ப்போம். கோடை விடுமுறையில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வீணை ஆசிரியரை வரவழைத்து ஒரு மாதம் தங்க வைப்போம். பத்துப் பிள்ளைகளாவது தந்தியைத் தொட்டுப் பார்க்கட்டும். யாழ் என்று புத்தகத்தில் படிக்கும்போது விரல் நுனிக்கு ஒரு ஞாபகம் வரும். முடிவு பொதுக்குழுவின் கையில். எதிர்த்து முடிவானாலும் நான் சங்கத்தை விட்டுப் போய்விட மாட்டேன். மாலையில் பிள்ளைகளுக்கு நாற்காலி போட வந்து நிற்பேன்.

கடைசியாக, பேத்திக்குப் பதில். சென்ற மாதம் பரணிலிருந்து அப்பாவின் ஆர்மோனியத்தை இறக்கினேன். தோல் பூஞ்சை பிடித்து, பித்தளை நாக்குகளில் பச்சை படர்ந்து, ஸ்பிரிங் பாதி துருவேறிக் கிடந்தது. மேல்பலகையைக் கழற்றிக் காட்டினேன். துருத்தியை அழுத்தி ஒரு கட்டையைத் தொட்டாள். கீழே ஒரு சின்ன நாக்கு துடித்தது. ஸ்வரம் கொஞ்சம் கரகரப்பாக வந்தது. கீழே குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள். "தாத்தா, எல்லாக் கட்டையும் வெள்ளையா இருக்கு, இது மட்டும் ஏன் செவப்பு?"

நடு ஸ்தாயி பஞ்சமம். எப்போதோ உடைந்துபோன கட்டை. அக்கரையிலிருந்து மாற்றுக் கட்டை வர மாதக்கணக்காகும் என்று அப்பா ஒரு படாக் மரத்துண்டைச் செதுக்கிப் பொருத்தினார். இந்தத் தீவின் மரம், இந்தத் தீவின் செம்மை. ஒரு வாரம் உரசி உரசி மற்றக் கட்டைகளின் உயரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"உங்க பூட்டன் வச்சதும்மா" என்றேன். "அழுத்திப் பாரு."

அமுங்கியது.